ஏழாம் எட்வர்டு: முடிசூட்டு விழாவைத் தள்ளிவைத்த சீழ்க்கட்டி

1841-இல் பிறந்த ஏழாம் எட்வர்டு, தாயார் விக்டோரியா மகாராணியின் மறைவுக்குப் பின் 1901-இல் பிரிட்டனின் அரசரானார். முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடைபெறவிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவருக்குக் கடும் வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. குடல்வாலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விழாவை ஒத்திவைக்க அரசர் மறுத்தார். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என அறுவை மருத்துவர் பிரடெரிக் ட்ரீவ்ஸ் உறுதியாக எடுத்துரைத்தார். ஜூன் 24 அன்று பக்கிங்காம் அரண்மனையிலேயே அறுவை செய்து சீழ் வெளியேற்றப்பட்டது, குடல்வால் அகற்றப்படவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இல்லாத அக்காலத்திலும் அரசர் தேறினார். ஆகஸ்ட் 9 அன்று முடிசூடி, 1910 வரை ஆண்டார்.

இன்று அம்மருந்துகள் இருப்பினும், பெரிய சீழ்க்கட்டியை வெளியேற்றுவதே சிகிச்சையின் அடிப்படை. காய்ச்சலுடன் வயிற்றுவலி நீடித்தால் உடனே மருத்துவமனையை அணுகவும்.