எச். ஜி. வெல்ஸ்

எச். ஜி. வெல்ஸ் என்று பரவலாக அறியப்படும் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 – ஆகஸ்ட் 13, 1946) ஓர் ஆங்கில எழுத்தாளர் ஆவார். கால இயந்திரம் (1895), கண்ணுக்குத் தெரியாத மனிதன் (1897), உலகங்களின் போர் (1898) ஆகிய அறிபுனைப் புதினங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் சிற்றுருவப் போர் விளையாட்டுக்கு, எவரும் ஆடக்கூடிய எளிய விதிகளை நூலாக எழுதியவரும் இவரே. 1913 இல் வெளிவந்த சிறு போர்கள் என்னும் அந்நூல் இத்துறையின் முன்னோடி நூலாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

வெல்ஸ் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பொருட்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்ற சிறு கடைக்காரர். கென்ட் அணிக்காகத் துடுப்பாட்டம் ஆடியவர். 1874 இல் கால் முறிந்து படுக்கையில் கிடந்த நாட்களில் வெல்சுக்கு நூல்களின் மீது பற்று உண்டானது. குடும்ப வறுமையால் துணிக்கடையில் வேலை பழகுநராகச் சேர்க்கப்பட்டார். அவ்வேலையை அவர் வெறுத்தார். 1884 இல் உதவித்தொகை பெற்று இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றார்.

சிறு போர்கள்

1900களின் முதற் பத்தாண்டில் வெல்ஸ், மனைவி மற்றும் இரு மகன்களுடன் சாண்ட்கேட் என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்தார். அங்கு விருந்துக்கு வந்த நண்பர் ஒருவர், உணவுக்குப் பின் பொம்மைப் பீரங்கியால் பொம்மை வீரர்களைக் குறிபார்த்துச் சுடத் தொடங்கியதே இவ்விளையாட்டின் பிறப்பு. நூலில் முதலெழுத்துகளால் மட்டுமே சுட்டப்படும் அந்நண்பர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் எனக் கருதப்படுகிறது. சுருள்வில் விசையால் ஏறத்தாழ ஓர் அங்குல நீள மரத்துண்டை எறியும் பீரங்கி அது. வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்து மலிவாக விற்றதால், ஒரு வீட்டில் பெரிய படையே சேர்வது இயல்பாகியிருந்தது. மேடுபள்ளங்களுக்காக முதலில் கம்பளத்தின் மேல் அடுக்கப்பட்டவை கலைக்களஞ்சியத் தொகுதிகள். கலைக்களஞ்சியத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

விதிகள் மிகச் சில. இரு படைகளும் அணிவகுக்கும்போது நடுவே திரை தொங்கும். ஒரு முறைக்குக் காலாட்படை ஓர் அடியும் குதிரைப்படை இரண்டு அடியும் நகரலாம். ஆறு அங்குலத்துக்குள் நான்கு வீரர்கள் இல்லாத பீரங்கியைச் சுடவோ நகர்த்தவோ இயலாது. கைகலப்பில் ஆளுக்கு ஆள் மடிவர். முப்பது வீரருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று நேர வரம்பும் உண்டு. 110 வீரர்களும் 3 பீரங்கிகளும் கொண்ட படைக்கு ஏறத்தாழ 7 நிமிடங்கள். சிந்திக்க விடாமல் விரட்டும் இக்கடிகாரமே ஆட்டத்தின் உயிர் எனலாம். பகடை கிடையாது, பீரங்கி வீழ்த்தியவனே இறந்தவன்.

போர் விளையாட்டை வெல்ஸ் கண்டுபிடிக்கவில்லை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824 இல் வெளியிட்ட விதிகள் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டன. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் 1880களின் தொடக்கத்தில் டாவோசில் தம் வளர்ப்பு மகனுடன் இத்தகைய ஆட்டம் ஆடியுள்ளார். இராணுவப் பயிற்சியாக இருந்ததை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்து அச்சிட்டுப் பரப்பியதே வெல்சின் பணி.

போரும் வெல்சும்

போரை வெறுத்த ஒருவர் போர் விளையாட்டு நூல் எழுதியது முரணாகத் தோன்றலாம். நூலின் இறுதியில் வெல்ஸ் இதற்கு விடை தருகிறார். பொம்மைப் போரிலேயே இத்தனை குளறுபடி நேர்கிறது என்றால், உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பதை ஆடிப் பார்த்தவர் உணர்வர் என்பது அவர் வாதம். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அமைதியை விரும்பிய வெல்ஸ் அப்போரை ஆதரித்தார். செருமனியின் இராணுவ வெறியை முறியடித்தால் இனிப் போரே இராது என நம்பி, போரை ஒழிக்கும் போர் என்னும் பொருள்படும் தலைப்பில் 1914 இல் நூல் வெளியிட்டார். பின்னாளில் அத்தலைப்பு ஏளனத்துக்குரிய தொடராயிற்று. 1918 இல் அரசின் பரப்புரைத் துறையிலும் சிறிது காலம் பணியாற்றினார். ஆயினும் உலக அரசு ஒன்றே தீர்வு என்னும் கருத்தை இறுதிவரை கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரையும் அணுகுண்டையும் கண்ட பின்னரே 1946 இல் இலண்டனில் காலமானார்.

தாக்கம்

டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962 இல் எழுதிய நூலுக்குப் பின் பிரித்தானியாவில் இவ்விளையாட்டுக்கான மன்றங்கள் பெருகின. அவற்றில் வெல்சின் பீரங்கிக்கு இடமில்லை. நாட்கணக்கில் வண்ணம் தீட்டிய வீரனை மரத்துண்டால் அடித்து வீழ்த்த எவருக்கு மனம் வரும்? எனவே சுடுதலின் விளைவைப் பகடையே முடிவு செய்கிறது. களமும் தரையிலிருந்து மேசைக்கு ஏறிவிட்டது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், சிற்றுருவப் போர் விளையாட்டிலிருந்தே அதற்கு வந்தவர். சிறு போர்கள் நூலின் 2004 ஆம் ஆண்டு மறுபதிப்புக்கு அவர் முன்னுரை எழுதினார்.