கார்ல் வொன் முல்லர்

கார்ல் பிரீட்ரிக் மாக்ஸ் வொன் முல்லர் (ஜூன் 16, 1873 - மார்ச் 11, 1923) ஜெர்மானியக் கடற்படை அதிகாரி ஆவார். முதலாம் உலகப் போரில் எம்டன் என்ற போர்க்கப்பலின் தலைவராகப் பணியாற்றினார். 1914 இல் சென்னை மீது நடத்திய குண்டுவீச்சு இவரைத் தமிழ்நாட்டு வரலாற்றில் இடம்பெறச் செய்தது.

இளமை

ஹனோவர் நகரில் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1891 இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பீடித்த மலேரியா இவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. 1913 இல் எம்டனின் பொறுப்பை ஏற்றார்.

சென்னைத் தாக்குதல்

போர் தொடங்கியதும் எம்டன் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. பிரித்தானியக் கப்பல் போலத் தோன்றுவதற்காக அதில் போலியான நான்காவது புகைபோக்கி பொருத்தப்பட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கிய எம்டன் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பிடித்தன. சிலர் உயிரிழந்தனர். அரை மணி நேரத்திற்குள் கப்பல் மறைந்துவிட்டது. பொருட்சேதத்தைவிட அச்சமே பெரிதாக இருந்தது. மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். தாக்குதலை நினைவுகூரும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ளது.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உண்டு. எனினும் இதற்கு உறுதியான சான்று இல்லை.

வணிகக் கப்பல்களைக் கைப்பற்றியபோது மாலுமிகளையும் பயணிகளையும் பாதுகாப்பாக இறக்கிவிட்ட பின்னரே அவற்றை மூழ்கடிப்பது முல்லரின் வழக்கமாகும். இதனால் எதிரி நாட்டினரும் இவரை மதித்தனர்.

கோகோஸ் தீவுச் சமர்

அக்டோபர் 28 இல் பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தார். நவம்பர் 9 இல் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஒரு குழுவைக் கரையிறக்கினார். நிலையத்தினர் முன்னரே அனுப்பிய செய்தியால் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் எம்டனின் பீரங்கிகளைவிடப் பெரியவை. கப்பல் மூழ்கினால் எஞ்சியோரும் மடிவர் என்பதால், முல்லர் அதனை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சிறைவாசமும் இறுதிக் காலமும்

முல்லர் மால்ட்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறை வைக்கப்பட்டார். 1917 இல் சுரங்கம் வழியாக இருபதுக்கும் மேற்பட்டோருடன் தப்பியபோதும் மீண்டும் பிடிபட்டார். 1918 இல் ஜெர்மனியின் உயரிய போர் விருதான பூர் லெ மெரிட் இவருக்கு வழங்கப்பட்டது. உடல்நலம் குன்றியதால் 1919 இல் ஓய்வு பெற்றார். தம் சாகசங்களைப் பற்றி நூல் எழுத மறுத்துவிட்டார். 1923 இல், தமது 49 ஆவது வயதில் பிரவுன்ச்வைக் நகரில் காலமானார்.

எம்டனின் சிதைவு

கப்பலின் பெரும்பகுதியை 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று உடைத்து எடுத்துச் சென்றது. எஞ்சிய பாகங்கள் அலைகள் ஓங்கி அடிக்கும் தெற்குக் கரைக்கு அருகே நீருக்கடியில் கிடக்கின்றன. 1995 இல் இத்தீவு புலு கீலிங் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முக்குளிப்போர் அங்கு செல்ல ஆஸ்திரேலிய அரசின் அனுமதி தேவை. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ எம்டன் என்னும் சொல் சாமர்த்தியசாலியையும் கண்டிப்பானவரையும் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.