காவலூர் மலையும் வால்நட்சத்திரமும்: யார் இந்த வைணு பாப்பு?

ஆம்பூர், வாணியம்பாடின்னா பிரியாணியும் தோல் ஷூவும்தானே உங்களுக்கு ஞாபகம் வரும்? வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலைப் பக்கம் போய்ப் பாருங்க, காவலூர் வரும். அங்கே இருக்கிற வானாய்வகத்துக்கு வைணு பாப்புன்னு பெயர்.

1927-ல் சென்னையில் பிறந்தவர் பாப்பு. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்ததால், சின்ன வயசிலேயே வானம் பழகிவிட்டது. 1949-ல் ஹார்வர்டில் படித்தபோது, தான் எடுத்த வானப் படத்தில் புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் பாப்பு-பாக்-நியூகிர்க். பாக் பேராசிரியர், நியூகிர்க் சக மாணவர்.

வால்நட்சத்திரம் நட்சத்திரமே இல்லைங்க. தூசி கலந்த பனிக்கட்டி. சூரியனை நெருங்க நெருங்க, வெப்ப ஆற்றல் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்தும். விண்வெளியில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாததால், பனி உருகித் தண்ணீராகாமல் நேரா வாயுவாகிடும். டப்பாவைத் திறந்து வச்சா கற்பூரம் கொளுத்தாமலே சிறுத்துப்போகுமே, அதே பதங்கமாதல்தான். அப்படிக் கிளம்புற வாயுவும் தூசியும்தான் நீங்க பார்க்கிற வால்.

நாடு திரும்பியவர், 1960-ல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். நகர வெளிச்சம் படாத இருட்டைத் தேடி காவலூரைப் பிடித்தார். 1968-ல் அங்கே வெறும் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. அடுத்த கனவு, இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. வேலை முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் காலமானார். வயது 55.

1986-ல் அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அது வேலை செய்வதைப் பார்க்க அவர் இல்லை. காவலூர் இருட்டில் இன்னும் அது வானத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு.