குன்னூரில் தாத்தா பங்களா... 'சி' மொழியில் ஃபைல் திறப்பதற்கும் ஆலன் டூரிங்குக்கும் என்ன தொடர்பு?

காலேஜ் லேபில் 'சி' மொழி படித்தவர்களுக்கு எஃப்ஓப்பன் கட்டளை மறந்திருக்காது. ஃபைலின் பெயரைக் கொடுக்கணும், படிக்கவா எழுதவா என்று ஒரு எழுத்தில் சொல்லணும், அவ்வளவுதான். எக்ஸாமில் மார்க் வாங்க இது போதும். ஆனால் ஃபைலைத் திறந்ததும் நம் கைக்கு வருவது முழு ஃபைல் இல்லை, ஒரு 'ஸ்ட்ரீம்'. அதாவது ஓடை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், வருகிற வரிசையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும், அதை வைத்தே எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம் என்று காட்டியவர் ஆலன் டூரிங். அவருடைய குடும்பக் கதையில் நம்ம நீலகிரிக்கும் இடம் உண்டு.

பெர்ன்ஹில்லுக்கு ரயில் வந்த மாதம்

1908 செப்டம்பர். அதுவரை குன்னூரோடு நின்றுவிட்ட மலை ரயில், அந்த மாதம் 15ஆம் தேதி பெர்ன்ஹில் வரை நீண்டது. மைசூர் மகாராஜாவின் கோடைக்கால அரண்மனை இருக்கிறதே, அதே பெர்ன்ஹில்தான். அடுத்த ஒரு மாதத்தில் ரயில் ஊட்டியைத் தொட்டது.

பெர்ன்ஹில்லுக்கு ரயில் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 1ஆம் தேதி, குன்னூரில் ஒரு பங்களாவில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜான் டூரிங். ஆலனின் அண்ணன்.

அந்த பங்களா அம்மா வழித் தாத்தாவுடையது. அவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். துங்கபத்திரை ஆற்றின் மேல் பாலம் கட்டியவர். சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து காப்புரிமையும் வாங்கியவர். அவருடைய மகள் எதெல் சாரா 1881இல் போத்தனூரில் பிறந்தார். ஆமாம், கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் அதே போத்தனூர் ஜங்ஷன்தான். அவர் மணந்த ஜூலியஸ் டூரிங், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். ஆலன் டூரிங் ஊட்டியிலோ குன்னூரிலோ பிறக்கவில்லை. அவர் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23ஆம் தேதி. அடுத்த ஆண்டே அப்பா, அம்மா இருவரும் வேலைக்காக இந்தியா திரும்பினார்கள். ஒரு வயசுக் குழந்தை ஆலனும் ஐந்து வயது ஜானும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அந்தக் காலத்து ஐசிஎஸ் குடும்பங்களில் இது சாதாரண வழக்கம். குழந்தைக்கு அது சாதாரணமாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அப்பா வேலையை விட்டபோது ஆலனுக்கு வயது 14.

அதே 1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடு முழுக்க வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுமார் 60 மைல் மிதித்தே போய்ச் சேர்ந்தான். அந்தப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்த நெருங்கிய நண்பன் கிறிஸ்டோபர் மார்காம், 1930 பிப்ரவரியில் காசநோயால் இறந்துபோனான். அந்த இழப்பிலிருந்து ஆலன் முழுசாக வெளியே வந்ததாகவே தெரியவில்லை. மனம் என்பது என்ன, அதை இயந்திரத்தில் கொண்டுவர முடியுமா என்று பின்னாளில் அவர் தேடியதற்கு இந்த மரணமும் ஒரு காரணம் என்கிறார்கள் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள்.

ஒரு டேப், ஒரு தலை

1936இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 24 வயதுகூட நிறையாத டூரிங் ஒரு கட்டுரையை அனுப்பி வைத்தார். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் நிரூபிக்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் ஒரு பொதுவான வழிமுறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவருடைய பதில், இல்லை. அந்த இல்லையை நிறுவ அவர் மனசுக்குள்ளேயே கட்டிய இயந்திரம்தான் இன்று டூரிங் இயந்திரம் என்று அழைக்கப்படுகிறது.

முடிவே இல்லாத ஒரு டேப். அது கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் தலை ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும். அதில் இருப்பதைப் படிக்கும், தேவைப்பட்டால் அழித்து எழுதும், இடமோ வலமோ ஒரு கட்டம் நகரும். இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்!

இதை 'சி' மொழியின் ஸ்ட்ரீமோடு வைத்துப் பாருங்க. எஃப்ஓப்பன் நமக்குத் தருவது ஒரு பாயின்டர். அதன் வழியாக எஃப்கெட்சி கட்டளை கொடுத்தால் ஒரு எழுத்து வரும், படிக்கும் இடம் ஒரு படி முன்னால் நகரும். மறுபடி கொடுத்தால் அடுத்த எழுத்து. பின்னால் போகணும்னா எஃப்சீக். டிஸ்க்கில் அந்த ஃபைல் துண்டு துண்டாக எங்கெங்கோ கிடக்கலாம், புரோகிராமுக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. கீபோர்டு, திரை எல்லாமே இதே மாதிரி ஓடைகள்தான். அந்த இரண்டுக்கும், பிழைச் செய்திக்கும் சேர்த்து மூன்று ஸ்ட்ரீம்கள் புரோகிராம் தொடங்கும்போதே திறந்திருக்கும்.

டூரிங்கைப் பார்த்துத்தான் 'சி' மொழியில் இதை வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 'சி' மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. ஒரு ஃபைல் என்றால் வெறும் பைட்டுகளின் வரிசை என்று யூனிக்ஸ் எடுத்த எளிமையான முடிவுதான் இதற்கு அடிப்படை. வித்தியாசமும் பெரிசு. டூரிங்கின் டேப்புக்கு முடிவு கிடையாது, ஃபைலுக்கு உண்டு. முடிவுக்கு வந்ததும் எஃப்கெட்சி, ஈஓஎஃப் என்ற அடையாளத்தைத் திருப்பித் தரும். டூரிங் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம்ம புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டாகணும், அது மறுத்தால் கைக்கு வருவது 'நல்'. அதைச் சரிபார்க்காமல் அடுத்த வரிக்குப் போய் புரோகிராம் கிராஷ் ஆகாத மாணவர் அநேகமாக இருக்க மாட்டார். இன்னொரு கண்ணி, எழுதுவதற்கான 'டபிள்யூ' எழுத்து. ஏற்கெனவே இருக்கும் ஃபைலை அப்படித் திறந்தால், ஒரு வரிகூட எழுதும் முன்பே பழையது காலி. பழையதோடு சேர்த்து எழுதணும்னா 'ஏ' போடணும்.

கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் விருது, 1983இல் கென் தாம்சனோடு சேர்த்து ரிட்சிக்கு வழங்கப்பட்டது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி அதே விருதை 1994இல் பெற்றார்.

நிஜமாகவே ஓடிய டேப்

இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைத்த குழுவில் டூரிங் முக்கியமானவர். சினிமா பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. அங்கேயே பின்னர் வந்த கொலோசஸ் இயந்திரம், துளையிட்ட காகித டேப்பை நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. அதை வடிவமைத்தவர் டூரிங் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், தவறு. அது டாமி ஃபிளவர்ஸின் வேலை.

போருக்குப் பிறகு, 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார் டூரிங். அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறப்பது என்றால், டேப்பைக் கையால் எடுத்து ரீடரில் மாட்டுவதுதான். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து துளைகளுக்கு இடம், அதனால் 32 குறியீடுகள். அந்த 32ஐயும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, எண்களைத் தலைகீழாக எழுதிப் பழகணும். அதற்கான கையேட்டை எழுதியவரே டூரிங்தான். படிச்சவங்க பாடு திண்டாட்டம்தான்!

ஒரு வழக்கு, ஒரு ஆப்பிள்

1952இல் அவர் வீட்டில் ஒரு திருட்டு. புகார் கொடுக்கப் போன டூரிங், விசாரணையில் தனக்கு ஒரு ஆணுடன் இருந்த உறவை மறைக்கவில்லை. அன்றைய பிரிட்டனில் அது குற்றம். திருட்டு கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறையா, ஹார்மோன் சிகிச்சையா என்று கேட்டது சட்டம். சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். அரசின் ரகசியப் பணிகளுக்கான அனுமதி பறிபோனது. போரில் அவர் செய்ததோ ராணுவ ரகசியம், அதனால் வெளியே யாருக்கும் தெரியாது.

1954 ஜூன் 7ஆம் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. படுக்கைக்குப் பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. போத்தனூரில் பிறந்த அந்த அம்மா மட்டும் கடைசிவரை அதை ஏற்கவில்லை. வீட்டில் ரசாயனங்களை வைத்து அஜாக்கிரதையாகச் சோதனை செய்கிற பிள்ளை, கைதவறி நடந்த விபத்து என்றே நம்பினார். 1959இல் மகனின் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதினார்.

தன்பாலின உறவு குற்றமில்லை என்று இங்கிலாந்து சட்டம் மாறியது 1967இல். இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. டூரிங்குக்கு அரச மன்னிப்பு கிடைத்தது 2013 டிசம்பரில், அதற்குள் அவர் இறந்து 59 ஆண்டுகள் ஓடிவிட்டன.

2021 ஜூன் 23, அவர் பிறந்தநாளில், டூரிங் படம் போட்ட 50 பவுண்டு நோட்டை இங்கிலாந்து வங்கி வெளியிட்டது. நோட்டில் அவர் படத்தோடு ஒரு காகித டேப்பும் அச்சாகியிருக்கிறது. அதில் இருப்பது பூஜ்ஜியமும் ஒன்றும் மட்டுமே. அதைப் படித்து, நாம் எழுதும் வழக்கமான எண்ணுக்கு மாற்றினால் கிடைப்பது 23061912. அவர் பிறந்த தேதி.