ஜெகஜீவன் ராம் வகுத்த காப்பகக் கடமை

ஆரா நகரப் பள்ளியில் தீண்டப்படாதோருக்கென வைத்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர் ஜெகஜீவன் ராம். 1908இல் பீகாரின் சந்த்வாவில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் வசந்தி தேவி படிக்க வைத்தார். 1975இல் நெருக்கடி நிலைத் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவரும் அவரே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கொங்கு நாட்டு உழைக்கும் பெண்களுக்கு அவர் விட்டுச்சென்றது, 1946 முதல் 1952 வரை தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது உருவானது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. கோவைப் பஞ்சாலைகள் இதற்குள் வந்தன. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் அக்கடமையை வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றது. அங்கே கொழுந்து பறித்தவர்களில் தலித் பெண்கள் ஏராளம். 1976இல் ஆலைகளுக்கான வரம்பு 30 ஆகக் குறைந்தது. அப்போதும் திருப்பூரின் சிறு பனியன் பட்டறைகள் தப்பின.

1986இல் ஜெகஜீவன் ராம் மறைந்தார். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ, பல நிறுவனங்கள் நிதி சேர்த்தோ தொண்டு நிறுவனம் வழியாகவோ பொதுக் காப்பகம் நடத்த இடமளிக்கிறது. கூட்டு முயற்சியை நாம் எதிர்க்கவில்லை. நடத்தும் வேலையைத் தொண்டு நிறுவனம் ஏற்கலாம், செலவு முதலாளியுடையது. சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவைச் சமூகப் பொறுப்பு நிதியில் காட்டக் கூடாதென 2021 விதிகள் தடுக்கின்றன. காப்பகத்தைக் கொடையென அறிவிக்கும் ஆலைகளிடம் அந்தக் கணக்கை நாம் கேட்டுப் பெற வேண்டும்.