ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்

ஒளிப்படக் கலையில் அழியாப் பெயர் பெற்ற காமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். 1838இல் சட்ட நிபுணராகிய சார்லஸ் ஹே காமரன் என்பாரை மணந்து, பின்னர் இங்கிலாந்து சென்று, வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரிற் குடியேறினார். கவிஞர் டெனிஸன் அவர்க்கு அங்கே அயலார்.

1863ஆம் ஆண்டின் இறுதியில், அம்மையாரின் 48ஆம் பிராயத்தில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். பொழுதுபோக்காக வந்த அப்பெட்டி வீட்டையே மாற்றிவிட்டது. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடியிட்ட கோழிக்கொட்டில் படமெடுக்கும் சாலையாயிற்று. பிலிம் தோன்றாத காலமாதலின், கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் வேலையனைத்தையும் முடித்தல் வேண்டும்.

லென்ஸை நகர்த்தி, காமிராவின் பின்புறத்து மங்கற்கண்ணாடியில் உருவம் கூர்மையாகும்வரை திருத்துவதே பிறர் வழக்கம். அம்மையாரோ, உருவம் தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றியவுடனே கையை நிறுத்திவிடுவார். தொடக்கத்தில் இது தற்செயலாய் நேர்ந்ததென்று அவரே எழுதியுள்ளார். பின்னர் அதனையே தம் முறையாகக் கைக்கொண்டார். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கின் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். ஆனால் ஒளி குறைந்து, படம் பதியும் நேரம் நீளும். துவாரம் அகன்று முகமும் அருகிலிருப்பின், கண் தெளியக் காது மங்கும். அம்மையார் பின்னதையே விரும்பினார். அங்ஙனமாயினும், எதிரில் இருப்போர் சில நிமிஷம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அவர்தம் மூச்சும் சிறு அசைவும் படத்தை மேலும் மென்மையாக்கின.

இலண்டன் ஒளிப்படச் சங்கத்தார் இதனைத் திறமைக் குறைவென்றே இகழ்ந்தனர். அவர் தகடுகளிற் கீறலும் கறையும் இருந்தமை மெய்யே. அவற்றை நாம் கலையென்று வாதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1867இல் அவர் எடுத்த வானநூற் புலவர் ஹெர்ஷலின் படத்தைக் கண்டோர், மங்கலைப் பிழையென்று கூறத் துணியார். இருளினின்று வெண்மயிரும் முதிர்ந்த முகமும் எழுகின்றன. நோக்கு முழுவதும் அக்கண்களிலேயே சென்று நிற்கின்றது. ஒவ்வொரு மயிரும் எண்ணத்தக்கவாறு தெளிந்திருப்பின் அம்முகத்தின் பெருமை சிதறியிருக்கும் என்பது எம் கருத்து. ஓவியர் வாட்ஸ் முதலியோர் அம்மையாரை ஊக்கினர். சவுத் கென்ஸிங்டன் காட்சிச்சாலையும் 1865இலேயே அவர் படங்களை வாங்கியது.

கணவருக்கு இலங்கையிற் காப்பித் தோட்டங்கள் இருந்தமையால், 1875இல் இருவரும் அங்குச் சென்றனர். அங்கே அவர் எடுத்தவாகக் கிடைப்பன சில படங்களே. 1879ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அம்மையார் காலமானார். மலைநாட்டுப் பொகவந்தலாவையில், தேவாலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.