அறம் பகிர்ந்த அயோத்திதாசர்

நுழையும்முன்

தாம் கண்டறிந்த நன்னெறியை உற்றாருக்கும் ஊராருக்கும் எடுத்துரைப்பது எளிதன்று. கேட்போர் ஏற்கலாம், மறுக்கவும் கூடும். மறுத்தோரிடமும் பகை கொள்ளாது, தம் நெறியை வாழ்ந்து காட்டியவரே பிறர் நெஞ்சில் இடம்பெறுகிறார். மருத்துவர், இதழாளர், ஆய்வறிஞர் எனப் பல நிலைகளில் தொண்டாற்றிய அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்வு அத்தகையது.

இளமையும் கல்வியும்

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர்மீது கொண்ட பற்றினால் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். தமிழ், வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றார். இவருடைய பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் அச்சிடுவதற்கு வழங்கியவர். இதனை அயோத்திதாசரே தம் எழுத்தில் பதிவு செய்துள்ளார். சுவடியைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்தளித்த மரபில் வந்தவர், அறத்தையும் பகிர்ந்ததில் வியப்பில்லை.

அவையில் எழுந்த வினா

நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் 1870களில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1892இல் சென்னையில் கூடிய மகாஜன சபை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிகளும் தரிசு நிலங்களும் வேண்டுமெனக் கோரினார். கோயில்களுக்குள் அவர்கள் செல்ல ஏன் இசைவில்லை என்றும் வினவினார். அவர்களுக்கெனச் சிறுதெய்வங்கள் உள்ளனவே என்ற மறுமொழியே கிடைத்தது. அவ்வாறு ஒதுக்கி வைக்கும் தெய்வங்கள் தமக்கு வேண்டா என்று அவர் அவையிலேயே மறுத்தார். மக்களை மேல் கீழ் எனப் பிரிக்காத நெறி எது என்ற தேடல் அவருள் வலுப்பெற்றது.

பௌத்தம் தழுவுதல்

தேடலின் விடையைப் பழந்தமிழ் நூல்களில் கண்டார். மணிமேகலையும் வீரசோழியமும் தமிழகத்தில் பௌத்தம் தழைத்திருந்ததை அவருக்கு உணர்த்தின. 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல மகாதேரரிடம் தீக்கை பெற்றார். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

சங்கம் பேரவைகளை மட்டும் நம்பவில்லை. திருமணம், இறப்பு முதலிய வீட்டு நிகழ்வுகள் பௌத்த முறையில் நடைபெற்றன. தீபாவளி, கார்த்திகை போன்ற விழாக்களுக்கும் அவர் பௌத்த விளக்கம் அளித்தார். இல்லந்தோறும் அறிந்த விழாக்களின் வழியாகவே புதிய சிந்தனை இல்லங்களுக்குள் நுழைந்தது. கோலார் தங்கவயல், பெங்களூர் ஆகிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா முதலிய பகுதிகளிலும் வாழ்ந்த தமிழரிடையே கிளைகள் தோன்றின. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் இந்நெறியைப் போற்றி வளர்த்தனர்.

காலணாவே ஒரு பைசா

1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். எளியவரும் வாங்கிப் படிக்க வேண்டும் என்ற நோக்கமே விலையாகவும் பெயராகவும் அமைந்தது. அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. பாரதியார் புதுச்சேரிக்கு வந்து ‘இந்தியா’ இதழை நடத்தியதும் அதே 1908ஆம் ஆண்டில்தான். நாட்டு விடுதலையைப் பாரதியார் முழங்கிய காலத்தில், சாதியிலிருந்து விடுதலையைப் பண்டிதர் வற்புறுத்தினார். புத்தரின் வரலாற்றைக் கூறும் ‘ஆதிவேதம்’ இவ்விதழிலேயே தொடராக வெளிவந்தது.

உறவும் கருத்து வேறுபாடும்

இரட்டைமலை சீனிவாசன் இவருக்கு மைத்துனர். ஒரே மக்களின் உயர்வுக்காக இருவரும் உழைத்தனர். ஆயினும் வழிகள் வேறாயின. சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தி, இழிவெனப்பட்ட பெயரை நிமிர்ந்து ஏற்றார். அயோத்திதாசரோ அப்பெயரே பிறர் சுமத்திய இழிவு என்று கருதி மறுத்தார். மைத்துனர் பௌத்தம் தழுவவுமில்லை. நெருங்கிய உறவிலேயே தம் கருத்து ஏற்கப்படாத நிலையிலும் பண்டிதரின் பணி தளரவில்லை. சித்த மருத்துவராகப் பிணி தீர்த்தவாறே எழுத்துப்பணியையும் தொடர்ந்தார்.

நிலைத்த புகழ்

திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை நிறைவுறாத நிலையில், 1914 மே 5ஆம் நாள் இயற்கை எய்தினார். மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர்த் தங்கவயல் அன்பர்கள் அதற்கு மீண்டும் உயிரூட்டினர். 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்கு 58 ஆண்டுகள் முன்னரே, தமிழ் மண்ணில் அவ்வழியைத் திறந்தவர் அயோத்திதாசர். அறத்தைத் திணிக்காமல் பகிர்ந்தளித்த அவர் வாழ்வு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கற்பவை கற்றபின்...

1. கருத்து வேறுபட்ட உறவினரிடம் நட்புடன் உரையாடுவது எவ்வாறு? வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியில் காணப்படும் பௌத்தச் சுவடுகள் குறித்துச் செய்தி திரட்டுக.